எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது... ஏன்? மொட்டை மாடி கிரில் முதல் தீபாவளி வாணலி வரை, அந்த 30 விநாடிகளில் செய்ய வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். கேஸ் கிரில்லில் மசாலா தடவிய சிக்கன் வெந்துகொண்டிருக்கிறது. தோலிலிருந்து உருகிய கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே விழ, குபீர்னு ஒரு தீ எழும்புகிறது. எல்லோரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கிறார். அடுத்த நிமிடம் தீ அடங்கவில்லை, இன்னும் உயருகிறது. அப்போது யாரோ ஒருவர் கத்துவார்: "டேய் மச்சான், தண்ணி எடுத்துட்டு வாடா!"

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்வது கஷ்டமே இல்லை. மயிலாப்பூரில் முறுக்கு சுடும் சமையலறையிலும், தி.நகரில் பஜ்ஜி போடும் தள்ளுவண்டியிலும் இதே ஆபத்து இருக்கிறது. எண்ணெய் எரியத் தொடங்கினால் நமக்கு முதலில் தோன்றுவது தண்ணீர்தான். ஆனால், அந்தத் தண்ணீர்தான் சின்னத் தீயைப் பெரிய விபத்தாக்குகிறது.

ஏன் அப்படி? தண்ணீர் இல்லாமல் எப்படி அணைப்பது? விரிவாகப் பார்ப்போம்.

குபீர் தீ வேறு, எண்ணெய்த் தீ வேறு

கிரில்லில் இரண்டு வகையான தீ வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

முதலாவது, குபீர் தீ. கொழுப்போ, மசாலாவில் கலந்த எண்ணெயோ பர்னர் மேல் சொட்டும்போது சட்டென எழுந்து, சில விநாடிகளில் தானாகவே அடங்கிவிடும். சிக்கன் தோல், ஆட்டுக்கறிக் கொழுப்பு, எண்ணெயில் ஊறவைத்த பனீர் டிக்கா எல்லாவற்றிலும் இது சகஜம்.

இரண்டாவது, எண்ணெய்த் தீ. கிரில்லின் அடியில் இருக்கும் தட்டில் பழைய கொழுப்பு தேங்கியிருக்கும். அதுவே பற்றிக்கொண்டால் தீ தானாக அடங்காது. பர்னரை அணைத்த பிறகும் எரியும். ஏனென்றால் இப்போது எரிவது கேஸ் இல்லை, தட்டில் இருக்கும் கொழுப்பு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், எளிய சோதனை ஒன்று உண்டு. இறைச்சியை ஓரமாக நகர்த்தி, பர்னரைக் குறைத்ததும் தீ இறங்கினால் அது குபீர் தீ. அப்படியும் இறங்கவில்லை, அடியிலிருந்து கறும்புகையோடு வருகிறது என்றால் அது எண்ணெய்த் தீ.

கேஸ் கிரில்லில் தீ எகிறினால்...

குபீர் தீ என்றால்:

* நீளமான இடுக்கியால் இறைச்சியைத் தீ இல்லாத பக்கத்துக்கு நகர்த்துங்கள்.
* தீ எழும் பக்கத்துப் பர்னரைக் குறையுங்கள், அல்லது அணையுங்கள்.
* கிரில்லின் மேல் குனியாதீர்கள். பக்கவாட்டில் நின்று கையை நீட்டுங்கள்.
* பாட்டில் தண்ணீரைத் தெளித்து அடக்கும் பழக்கம் வேண்டாம்.

எண்ணெய்த் தீ என்றால்:

* எல்லாப் பர்னர்களையும் அணையுங்கள்.
* சிலிண்டர் பக்கம் தீ இல்லை என்றால் மட்டும் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
* கை சுடாமல் எட்ட முடிந்தால் கிரில்லின் மூடியை மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் தீ தளரும்.
* மூடியைத் திறந்து "அணைஞ்சிடுச்சா?" என்று எட்டிப் பார்க்க வேண்டாம். புதுக் காற்று உள்ளே போனதும் மறுபடி பற்றிக்கொள்ளும்.
* தீ டியூபையோ சிலிண்டரையோ நெருங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விலகுங்கள். மாடியிலிருந்து எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. கேஸ் கிரில்லைப் பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். மூடிய கிரில்லுக்குள் கேஸ் சேர்ந்துவிட்டால், பொறி தட்டிய கணத்தில் மொத்தமாகப் பற்றி முகத்தில் அடிக்கும். முதல் தடவை பற்றவில்லை என்றால் குமிழை மூடி, சில நிமிடங்கள் காத்திருந்து மறுபடி முயற்சி செய்யுங்கள்.

வாணலியில் எண்ணெய் எப்படிப் பற்றுகிறது?

கிரில் எல்லார் வீட்டிலும் இருக்காது. வாணலி இல்லாத வீடு கிடையாது. எனவே இந்தப் பகுதி எல்லோருக்கும்.

வடை, பஜ்ஜி, முறுக்கு சுடுவதற்கு எண்ணெய் சுமார் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் போதும். அதைத் தாண்டிச் சூடேறினால் புகையத் தொடங்கும். சுத்திகரித்த எண்ணெய்கள் பொதுவாக 200 டிகிரிக்கு மேல்தான் புகையும். செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்துவிடும். சூடு இன்னும் ஏறி ஏறத்தாழ 350 டிகிரியைத் தாண்டினால், மேலே தீ படாமலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும்.

அதாவது எண்ணெய் எச்சரிக்கை கொடுக்காமல் எரிவதில்லை. முதலில் புகை, அப்புறம்தான் தீ. "கொஞ்சம் காஞ்சுக்கட்டும்" என்று அடுப்பில் வைத்துவிட்டு, காலிங்பெல் அடித்ததால் வாசலுக்குப் போய், அப்படியே பேச்சில் மறந்துபோகும் ஐந்து பத்து நிமிடங்களில்தான் ஆபத்து வளர்கிறது. எண்ணெய் புகைவதைப் பார்த்த உடனே அடுப்பை அணைத்துவிட்டால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு முறை காயும்போதும் அது புகையும் சூடு குறைந்துகொண்டே வரும். நேற்று புகையாத சூட்டில் இன்று புகையும். பலமுறை பயன்படுத்திய எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. அந்த விதி உடல்நலத்துக்காக வந்தது. ஆனால் கறுத்துப்போன எண்ணெயைத் தூக்கிப் போடுவது தீயிலிருந்தும் காப்பாற்றும்.

தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும்?

தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தியானது. எரியும் வாணலியில் ஊற்றினால் அது மேலே நிற்காது, நேராக அடிக்குப் போய்விடும். அங்கே எண்ணெய் 300 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்.

ஆவியாகும்போது தண்ணீர் சுமார் 1,700 மடங்கு விரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் பல நூறு லிட்டர் நீராவியாக மாறினால் எப்படி இருக்கும்? மேலே இருக்கும் எரியும் எண்ணெயை அது சிறுசிறு துளிகளாகச் சிதறடித்து வெளியே எறியும். ஒவ்வொரு துளியும் காற்றோடு கலந்து தனித்தனியாக எரியும். வாணலிக்குள் இருந்த தீ அந்த நொடியே கூரையைத் தொடும் தீப்பிழம்பாகிறது. ஊற்றியவரின் முகம், கை, மார்பு எல்லாம் அதன் எதிரில்தான் இருக்கும்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆண்டிலேயே வீட்டுச் சமையல் தீ விபத்துகள் அதிகம் நடக்கும் நாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. முழு வான்கோழியை எண்ணெயில் இறக்கிப் பொரிப்பதும் அன்று நடக்கும் விபத்துகளுக்கு ஒரு காரணம். உறைந்த பறவையில் ஒட்டியிருக்கும் பனிக்கட்டி எண்ணெய்க்குள் போய் இதே வேலையைச் செய்கிறது. நம் வீட்டில் தண்ணீர் வடியாத வடை மாவு சின்ன அளவில் செய்வதும் அதுதான்.

சரி, அப்படியென்றால் எப்படி அணைப்பது?

எண்ணெய், சூடு, காற்று. மூன்றும் இருந்தால்தான் தீ. சூட்டையும் காற்றையும் நிறுத்தினால் போதும். வரிசை இதுதான்:

1. அடுப்பை அணையுங்கள். தீயைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டியிருந்தால் குமிழை விட்டுவிட்டு, எட்டுமானால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள்.

2. மூடுங்கள். வாணலியைவிட அகலமான உலோக மூடி அல்லது எவர்சில்வர் தாம்பாளம் போதும். அதைக் கேடயம்போல உங்களுக்கும் தீக்கும் நடுவே பிடித்து, உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்தி மூடுங்கள். மேலிருந்து தொப்பென்று போட வேண்டாம். கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கலாம்.

3. நகர்த்தாதீர்கள். "வெளிய தூக்கிட்டுப் போய் வெச்சிடலாம்" என்று எரியும் வாணலியைத் தூக்குவதுதான் தண்ணீர் ஊற்றுவதற்கு அடுத்த பெரிய தவறு. நடக்கும்போது காற்றில் தீ நம் பக்கமே சாயும். சூடு தாங்காமல் கை நழுவும். எரியும் எண்ணெய் காலிலும் தரையிலும் கொட்டும்.

4. காத்திருங்கள். தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும் எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டிலேயே இருக்கும். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொட வேண்டாம்.

5. முடியவில்லை என்றால் வெளியேறுங்கள். அரை நிமிடத்தில் தீ கட்டுக்குள் வரவில்லை, அல்லது அலமாரிக்குப் பரவிவிட்டது என்றால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். போன் பேசுவது வெளியே வந்த பிறகு.

ஈரச் சாக்கு, உப்பு, மாவு... எது சரி?

குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் தீயணைப்புத் துறையினர் செய்துகாட்டும் ஒத்திகையைப் பலர் பார்த்திருப்பார்கள். எரியும் சிலிண்டரின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அணைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வாணலிக்கும் அதையே செய்யத் தோன்றலாம். ஆனால் சிலிண்டரில் எரிவது வாயு, வாணலியில் இருப்பது கொதிக்கும் திரவம். தண்ணீர் சொட்டும் துணியை எண்ணெய் மேல் போட்டால் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். தாம்பாளமே நல்லது.

கொஞ்சமாக எண்ணெய் இருக்கும் தோசைக்கல், தவா போன்றவற்றில் சின்னத் தீ என்றால் சமையல் சோடாவையோ உப்பையோ கை நிறைய அள்ளிப் போடலாம். மைதா, கோதுமை மாவு, சர்க்கரை எதுவும் கூடாது. காற்றில் பறக்கும் மாவுத் தூளே குப்பென்று தீப்பிடிக்கும்.

தீயணைப்புக் கருவி இருக்கிறதே என்றால், அதிலும் வகை உண்டு. மாடிப்படியில் மாட்டியிருக்கும் ஏபிசி பவுடர் கருவி தீயின் நாக்கை அடக்கும். ஆனால் எண்ணெயின் சூட்டைக் குறைக்காது, மறுபடி பற்ற வாய்ப்புண்டு. கிட்டே நின்று அழுத்தினால் அந்த வேகத்திலேயே எண்ணெய் தெறிக்கும். ஹோட்டல் சமையலறைகளுக்கென்றே 'கே வகை' கருவி இருக்கிறது. அதிலிருக்கும் பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரைபோல ஒரு படலத்தை உண்டாக்கி மூடிவிடும், சூட்டையும் குறைக்கும். பொரிக்கும் தொழில் செய்பவர்கள் வாங்கி வைக்க வேண்டியது இதைத்தான்.

அடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது?

தீயைப் பற்றிப் பேசும்போது அடுப்பை மட்டும் பார்க்கிறோம். தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

2004 ஜூலை 16-ம் தேதியைத் தமிழ்நாடு மறக்காது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் ஒரு வீட்டு விருந்தையும் ஒப்பிட முடியாது. ஆனால் அந்த நாள் சொல்லிப்போன பாடம் ஒன்றுதான்: சமையல் தீயை விட, அது எட்டிப் பிடிக்கும் பொருள்தான் ஆளைக் கொல்கிறது.

சென்னையில் வெயிலுக்காக மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்ட வீடுகள் இன்றும் உண்டு. அதன் அடியில் கிரில் வைக்கவே கூடாது. ஷாமியானா, சீரியல் செட் தோரணம், காயப்போட்ட துணிக்குக் கீழேயும் கூடாது. திறந்த வானம் மேலே இருக்கட்டும்.

வீட்டுக்குள் என்றால் சிம்னி. அதன் வலையில் மாதக்கணக்கில் படிந்த பிசுக்கும் எரிபொருள்தான். கீழே தீப்பிடித்தால் ஓடும் சிம்னி தீயை மேல்நோக்கி உறிஞ்சும். வலையை அடிக்கடி கழுவுங்கள். அடுப்புக்கு மேல் பேப்பர் விரித்த அலமாரி, காலண்டர், தொங்கும் கைப்பிடித் துணி இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

தீயணைப்பு வண்டி வரும்வரை...

ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு சைக்கிள் நுழையவே வழி இருக்காது. அறுபத்துமூவர் உற்சவ நாளில் மயிலாப்பூர் மாட வீதிகளும் அப்படித்தான். சாதாரண நாளில்கூட இந்தப் பகுதிகளின் பல சந்துகளில் பெரிய வண்டி திரும்ப இடமில்லை.

2017 மே 31-ம் தேதி தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடைக் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. அது எண்ணெய்த் தீ இல்லை. ஆனால் நெருக்கமான இடத்தில் தீ பெரிதாகிவிட்டால், எத்தனை வண்டிகள் வந்தாலும் அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை சென்னை அன்று நேரில் பார்த்தது. அதனால்தான் முதல் 30 விநாடிகள் முக்கியம். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பவர் மட்டும்தான் தீயணைப்பு வீரர்.

சிலிண்டர் விஷயத்தில் கவனம்

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவி பள்ளத்தில் தேங்கும். எனவே சிலிண்டரைக் குழியான இடத்திலோ, காற்றோட்டமில்லாத மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். மாடிக்கு எடுத்துப்போன சிலிண்டரின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே.

கேஸ் வாடை வந்தால் லைட், ஃபேன், சிம்னி எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி எடுத்துவரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தது நினைவிருக்கலாம். இடம் தெரியாமல் மூட்டும் அடுப்புக்கு அளவு ஒரு பொருட்டே இல்லை.

தீக்காயம் பட்டால்...

* உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. அங்கேயே படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும்.
* காயத்தின் மேல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீருக்கு வேலை இங்கேதான். ஐஸ் வேண்டாம்.
* டூத்பேஸ்ட், பேனா மை, தோசை மாவு, வெண்ணெய், மஞ்சள் எதையும் தடவாதீர்கள். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும், கிருமித் தொற்றும் வரும்.
* மோதிரம், வளையல்களை வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
* முகம், கை, மூட்டுகளில் பட்ட காயமும், உள்ளங்கையைவிடப் பெரிய காயமும் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. 108-ஐ அழையுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயங்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

* வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள்.
* எண்ணெய் அடுப்பில் இருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். போனதே ஆக வேண்டும் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.
* பலகாரம் சுடும்போது நைலான், பாலியஸ்டர் வேண்டாம். பருத்திதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.
* குழந்தைகளை அடுப்பிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி நிறுத்துங்கள்.
* கிரில்லில் அடித்தட்டை ஒவ்வொரு முறையும் காலி செய்து கழுவுங்கள். இறைச்சியின் கூடுதல் கொழுப்பை வெட்டிவிடுங்கள். மசாலாவில் எண்ணெயைக் குறையுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் சமையலறைக்குப் போய், வீட்டிலேயே பெரிய வாணலியை மூடும் அளவுக்கு ஒரு தாம்பாளத்தை எடுங்கள். அதை மேல் அலமாரியில் வைக்காமல், அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் சாத்தி வையுங்கள். வீட்டில் சமைக்கும் எல்லோரிடமும், சமைக்காதவர்களிடமும், இரண்டே வார்த்தை சொல்லி வையுங்கள்: "அணை, மூடு." தீப்பிடித்த நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது. முன்னாடியே தெரிந்திருந்தால் கை தானாக அந்தத் தாம்பாளத்தைத் தேடும்.